நின்னுட்டோம்

என் மகளுக்கு,

உனக்கு அன்று காய்ச்சல் இல்லை. இந்த ஒரு வரியைச் சொல்வதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். நேற்று உன்னை ரயிலேற்றிவிட்டு வந்ததிலிருந்து வீடு பேச்சற்றுக் கிடக்கிறது. முந்தாநாள் டிரங்குப் பெட்டியில் துணி அடுக்கும்போது, பழைய ஜாமிட்ரி பாக்ஸிலிருந்து காலணா அகலத்தில் ஒரு தகரச் சுரூபத்தை எடுத்துக் காட்டி, "இது ஏதும்மா? மாதா படம் போட்டிருக்கு. நம்ம வீட்டுக்கு எப்படி வந்துச்சு?" என்று கேட்டாய். "யாரோ குடுத்தாங்க" என்றேன். நீ அதை மறுபடி பெட்டியில் போட்டுக்கொண்டாய். கொடுத்தவர் யாரோ இல்லை. அவர் பெயர் சவரியம்மாள். உனக்கு ஆறு வயதில் வந்ததாக நான் சொன்ன ஒரு காய்ச்சல் தீர வேண்டும் என்று பாலக்கரை மாதா கோயிலில் வேண்டிக்கொண்டு, அந்தச் சுரூபத்தைக் கொண்டுவந்து உன் தலையணைக்குக் கீழே வைத்தவர் அவர். அந்தக் காய்ச்சல் உனக்கு வரவே இல்லை.

எனக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. ஆனாலும் சில விஷயங்களை இப்போது எழுதாவிட்டால் எப்போதும் எழுதமாட்டேன் என்று தோன்றுகிறது. இந்தக் கடிதத்தை நீ யாருக்கு வேண்டுமானாலும் படிக்கக் கொடுக்கலாம். நான் எப்படிப்பட்டவள் என்று உனக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரியிடம்கூட மனம்விட்டுப் பேசாதவள். அப்படிப்பட்டவளே கொடுக்கலாம் என்கிறேன் என்றால், மறைத்து வைத்து அலுத்துப்போனேன் என்று வைத்துக்கொள்.

அப்போது நீ ஒன்றாம் வகுப்பு. ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டில் ஒரு வீட்டின் பின்கட்டில் குடியிருந்தோம். உன் அப்பா ரயில்வே ஆபீஸ் குமாஸ்தா. நான் எஸ்.எஸ்.எல்.சி. படித்தவள், தமிழில் பள்ளிக்கூடத்துக்கே முதலாவதாக வந்தவள். அந்தப் பெருமை ஒன்றைத் தவிர என்னுடையது என்று சொல்லிக்கொள்ள என்னிடம் வேறு எதுவும் இல்லை. நூலகத்திலிருந்து வாரம் நான்கு புத்தகம் எடுத்து வருவேன். சமைத்த நேரம் போக மற்ற நேரமெல்லாம் படிப்பு. பாலக்கரையில் சுருட்டுக் கம்பெனித் தொழிலாளர் சங்கத்தின் மாடியில் ஒரு படிப்பகம் இருந்தது. வேலை முடிந்து வரும் பெண்களுக்கு எழுத்துச் சொல்லித்தர ஆள் தேடினார்கள். அதை வந்து சொன்னதே உன் அப்பாதான். "நீ போயேன். புஸ்தகத்தோடயே பேசிக்கிட்டிருந்தா எப்படி? மனுஷங்களோடயும் கொஞ்சம் பேசு" என்றார். வாரத்தில் மூன்று மாலை, உன்னை அவரிடம் விட்டுவிட்டு, பஸ் ஏறிக் காவிரிப் பாலம் தாண்டிப் போய் வந்தேன். இதை நினைவில் வைத்துக்கொள். பின்னால் வேண்டியிருக்கும்.

அந்த மாடியில்தான் குழாய் ரேடியோ இருந்தது. உன் புது வேலையைப் பற்றி நீ சொன்னபோது, டேப் ரெக்கார்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு மில் வாசலுக்கெல்லாம் போய்த் தொழிலாளர்களைப் பேசவைத்து வானொலியில் போடப் போவதாகச் சொன்னபோது, எனக்கு உடனே ஞாபகம் வந்தது அதுதான். சங்கச் செயலாளர் தங்கவேலு, மைக் செட் வாடகைக்கு விடுகிறவரிடமிருந்து ஒரு பழைய ஆம்ப்ளிஃபயரும் இரண்டு குழாய் ஸ்பீக்கரும் வாங்கி வந்து மாடிக் கைப்பிடிச் சுவரில் கட்டினார். ஒன்று கடைத்தெருவைப் பார்த்து, இன்னொன்று கம்பெனி இருந்த சந்துப் பக்கம். சாயங்காலம் கம்பெனி பெல் அடித்ததும் அரை மணி நேரம் பேச்சு. "பார்க் ரேடியோல உலகச் சேதி எல்லாம் சொல்றான். நம்ம கம்பெனியில நேத்து யாரு விரல்ல கத்தி பட்டுச்சுன்னு எந்த ரேடியோ சொல்லும்? நாமதான் சொல்லிக்கணும்" என்பார் தங்கவேலு. உண்மையில் அது ரேடியோவே இல்லை. இரண்டு தெருவுக்குக் கேட்கும், அவ்வளவுதான். ஆனால் ஜனங்கள் ரேடியோ என்றே சொன்னார்கள்.

முதல் நாள் பெண்கள் யாரும் மைக் பக்கம் வரவில்லை. கடைசியில் சவரியம்மாள்தான் எழுந்து வந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். உயரம், கறுப்பு, புகையிலைத் தூளில் எப்போதும் கரகரத்த தொண்டை. மைக்கை இரண்டு கையாலும் செம்பைப் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டு, "ஏங்க, கேக்குதா?" என்று ஒரு சத்தம் போட்டார். தெருவே திரும்பி, "கேக்குது, கேக்குது!" என்றது. எதிர் டீக்கடைக்காரர், "மெதுவாக்கா, டீ கொட்டிப்போச்சு!" என்று கத்தினார். "இத்தனை வருஷமா உள்ள இருந்து கத்துறேன், இன்னிக்குத்தான் கேக்குதுங்கறீங்க" என்றார் சவரியம்மாள். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. அப்புறம் கம்பெனிக் குடிதண்ணீர்ப் பானையில் புழு நெளிவதைச் சொன்னார். எந்தப் பானை, எந்த மூலை, எத்தனை நாளாக என்று ஒன்றுவிடாமல் சொன்னார். தங்கவேலு மூன்று முறை மனு எழுதியும் மாறாத பானை மறுநாள் காலையில் மாறியிருந்தது. அன்றைக்கே நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும். பானையை மாற்றியது நல்ல தமிழ் அல்ல. அவருடைய தமிழ்.

அந்தக் கம்பெனியில் பெண்களுக்குப் புகையிலையின் நடுநரம்பை உரித்தெடுக்கும் வேலை. கோணிச்சாக்கை விரித்துத் தரையில் வரிசை வரிசையாக உட்கார்ந்து செய்வார்கள். பெல் அடிக்காமல் யாரும் எழுந்திருக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். ஒரு நாள் மதியம் சவரியம்மாளின் வரிசையில் லூர்து என்கிற பெண், நெடி தாங்காமல் மயங்கி விழுந்தாள். ஓரமாகப் படுக்கவைத்துவிட்டு மற்றவர்கள் வேலையைப் பார்க்கும்படி மேஸ்திரி சொன்னார். முதலில் சவரியம்மாள் எழுந்து நின்றார். அவரைப் பார்த்து வரிசையில் மீதி இருந்த பத்துப் பேரும் எழுந்து நின்றார்கள். கூச்சல் போடவில்லை, வெளியே போகவில்லை. நின்றார்கள், அவ்வளவுதான். வேறு வழியில்லாமல் மேஸ்திரி குதிரை வண்டி பிடித்து லூர்துவை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். வண்டி கிளம்பியதும் பதினோரு பேரும் மறுபடி உட்கார்ந்து பெல் அடிக்கும்வரை இலை உரித்தார்கள். மறுநாள் காலையில் அந்தப் பதினோரு பேரையும் கேட்டில் நிறுத்தி, உள்ளே விடவில்லை.

அன்று சாயங்காலம் அவர்கள் படிப்பகத்துக்கு வந்தார்கள். குழாய் ரேடியோவில் சொல்ல வேண்டும். ஆனால் பகலெல்லாம் கேட்டில் கத்தியதில் சவரியம்மாளுக்குத் தொண்டை அடைத்துவிட்டது. "டீச்சர், நான் சொல்றத நீங்க எழுதிப் படிங்க" என்றார், காற்றும் குரலுமாக. மாடிப்படியில் உட்கார்ந்து எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். மொத்தமே ஒரு நிமிஷப் பேச்சு. "நாங்க பதினோரு பேரும் நின்னுட்டோம், டீச்சர்" என்று சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. சொல்லும்போது உட்கார்ந்திருந்தவர் பாதி எழுந்தேவிட்டார்.

எனக்கு அந்த வார்த்தை போதவில்லை. நின்னுட்டோம் என்றால் எங்கே நின்றார்கள், எதற்காக நின்றார்கள்? படிக்கிறவனுக்கு என்ன புரியும்? பத்திரிகைகளில் வரும் அறிக்கைகளைப் போல இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். "நாங்கள் பதினோரு பேரும் ஒருமனதாக வேலையிலிருந்து நின்றுவிட்டோம்" என்று எழுதினேன். வேலையை நிறுத்தியதைத்தான் அப்படிக் கம்பீரமாகச் சொல்கிறோம் என்று நினைத்தேன். 'ஒருமனதாக' என்று போட்டதில் எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா! மறுபடி உட்கார்ந்துவிட்டோம் என்று அவர் சொன்னதை எழுதாமல் விட்டேன். நின்றவர்கள் உட்கார்ந்தார்கள் என்றால் பணிந்துபோனது போல இருக்கிறதே என்று, என் யோசனையில் விட்டேன்.

எழுதியதைப் படித்துக் காட்டினேன். சவரியம்மாள் புருவத்தைச் சுருக்கினார். "நாங்க இப்படியா சொன்னோம்?" என்றார். "எழுத்துல இப்படித்தான் வரும்" என்றேன். "அப்ப சரி. படிச்சவங்க நீங்க" என்றார். நான் மைக்கில் படித்தேன். சொன்னதை நாளைக்கு யாரும் மாற்றிச் சொல்லக்கூடாது என்பதற்காக, அறிக்கை என்றால் அதன் கீழ் சம்பந்தப்பட்டவர்களின் கையெழுத்தோ ரேகையோ வாங்கிப் பலகையில் ஒட்டிவைப்பது தங்கவேலுவின் வழக்கம். என் வகுப்பில் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டிருந்த நான்கு பேர் எழுத்து எழுத்தாகக் கூட்டித் தங்கள் பெயரைப் போட்டார்கள். மற்ற ஏழு பேரும் ரேகை வைத்தார்கள். எனக்குக் கண் கலங்கியது. நான் கற்றுக்கொடுத்த எழுத்து என்று.

தொழிலாளர் அதிகாரி முன்னால் விசாரணை வந்தபோது, பலகையில் ஒட்டியிருந்த அந்தக் காகிதம் எப்படியோ கம்பெனி வக்கீல் கைக்குப் போயிருந்தது. "வேலையை விட்டு இவர்களை யாரும் அனுப்பவில்லை. இவர்களாகவே நின்றுவிட்டார்கள். இவர்களே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அதுவும் ஒருமனதாக" என்று படித்துக் காட்டினாராம். உனக்குச் சொல்லத் தேவையில்லை. நம் ஊரில் வேலைக்காரி நின்றுவிட்டாள் என்றால் என்ன அர்த்தம்? வேலையிலிருந்து நின்றுவிட்டான் என்றால் என்ன அர்த்தம்? தெருவில் போகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தமிழில் முதலாவதாக வந்த எனக்கு மட்டும் அன்று தெரியவில்லை.

அன்று சாயங்காலமே தங்கவேலு நம் வீட்டுக்கு வந்தார். எப்போதும் வாசலிலேயே ஏதாவது கேலி பேசிக்கொண்டு நுழைகிறவர், அன்று செருப்பைக் கழற்றிவிட்டு வெகுநேரம் நின்றார். "டீச்சர், எங்க ஆளுங்க வாயால சொன்னா அதிகாரி நம்ப மாட்டேங்கிறாரு. ரேகை வெச்சப்புறம் மாத்திப் பேசறாங்கங்கிறாரு. எழுதினவங்க வந்து, இது என் வார்த்தை, அவங்க சொன்னது வேறன்னு ஒரு வரி சொன்னாப் போதும். வியாழக்கிழமை பத்து மணிக்கு வந்துருவீங்களா?" என்றார். வருகிறேன் என்றேன். அவர் போனபின் உன் அப்பாவைப் பார்த்தேன். அவருக்கு ரயில்வே உத்தியோகம். தடுப்பார் என்று எதிர்பார்த்தேன். நிஜத்தைச் சொன்னால், தடுக்கமாட்டாரா என்றிருந்தது. "போயிட்டு வா. நான் லீவு போட்டுட்டு பாப்பாவப் பள்ளிக்கூடத்துல விட்டுக் கூட்டிட்டு வந்துக்கறேன். என் வேலையப் பத்தி நீ யோசிக்காத" என்றார்.

வியாழக்கிழமை குளித்து, வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். 'நான் எழுதிய தமிழ் தவறு.' இந்த நான்கு வார்த்தைதான். வக்கீல் இருப்பார், அதிகாரி இருப்பார், என்னிடம் படித்த பெண்கள் பின்னால் நிற்பார்கள். அவர்கள் முன்னால் நான் இதைச் சொல்ல வேண்டும். இறங்க வேண்டிய இடம் வந்தது. நான் இறங்கவில்லை. கண்டக்டர் திரும்பிப் பார்த்து, "நீங்க கேட்ட ஸ்டாப் இதாங்க" என்றார். "ஜங்ஷன் போறேன்" என்று மீதி டிக்கெட் எடுத்தேன். ஜங்ஷனில் ஒரு பெஞ்சில் நாலு மணிவரை உட்கார்ந்திருந்தேன். பயமில்லை, மகளே. பயம் என்றால் நானே என்னை மன்னித்திருப்பேன். அது வெட்கம். பதினோரு பேர் வயிற்றைவிட என் தமிழ் எனக்குப் பெரிதாக இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து முற்றத்தில் பாண்டி ஆடிக்கொண்டிருந்தாய். மாலையில் தங்கவேலு ஆள் அனுப்பிக் கேட்டார். "பாப்பாவுக்குத் திடீர்னு காய்ச்சல், அதான் வர முடியல" என்று சொல்லி அனுப்பினேன். வேறு தேதி கேட்டுப் பார்த்தார்களாம், கிடைக்கவில்லை. அந்த ஒரு காகிதத்தால் மட்டும்தான் அவர்கள் தோற்றார்கள் என்று சொல்ல எனக்குத் தெரியாது. தோற்றார்கள் என்பது தெரியும்.

மூன்றாம் நாள் சவரியம்மாள் பாலக்கரையிலிருந்து நம் வீட்டுக்கு வந்தார். நீ அப்போது தூங்கிக்கொண்டிருந்தாய், விளையாடிக் களைத்த தூக்கம். நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். "சூடு எறங்கியிருக்கு டீச்சர். மாதாகிட்ட கேட்டுக்கிட்டேன், ஒண்ணும் ஆகாது" என்று சுரூபத்தைத் தலையணைக்குக் கீழே சொருகினார். தன் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் காபி போட உள்ளே போய், டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியிலேயே நின்றேன். சொல்லிவிட அப்போதும் நேரமிருந்தது. வெளியே வந்தபோது அவர் போய்விட்டிருந்தார். உன் அப்பாதான், "வேலை தேடப் போகணுமாம்" என்றார்.

அதன் பிறகு நான் பாலக்கரைக்குப் போகவில்லை. ஏன் நின்றுவிட்டேன் என்று நீ பெரியவளானபின் கேட்டபோதெல்லாம் மழுப்பினேன். அப்பா போகவிடவில்லை என்று நீயாகவே முடிவு கட்டிக்கொண்டாய். ஒரு சண்டையில் அவர் முகத்துக்கு நேராகவே சொன்னாய், "அம்மாவ வீட்டுக்குள்ள அடைச்சு வெச்சது நீங்கதான்" என்று. அவர் என்னைப் பார்த்தார். பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனார். அவர் சாகிறவரை நீ அப்படி நினைத்துக்கொண்டிருக்க நான் விட்டேன். அவர் என்னிடம் அதைப் பற்றி ஒருமுறைகூடக் கேட்டதில்லை. வழியில் பார்த்த தங்கவேலு, "பாப்பா எப்படி இருக்கு?" என்று கேட்டதற்கு, "இப்போ பரவால்லைங்க" என்று பதில் சொன்னதாக மட்டும் ஒருநாள் சொன்னார். என் பொய்யை அவர்தான் காப்பாற்றிக் கொடுத்தார்.

முக்கொம்பு உனக்கு ஞாபகமிருக்கும். நீ ஐந்தாம் வகுப்பு. மதகுகளைப் பார்க்கப் போயிருந்தோம். மரத்தடியில் கூடையோடு கொய்யாப்பழம் விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மா, "டீச்சர்!" என்று எழுந்து வந்தார். குரலால்தான் அடையாளம் தெரிந்தது. ஆள் பாதியாகியிருந்தார். என்னை விட்டுவிட்டு உன் கன்னத்தைத் தொட்டு, "அன்னிக்கு வந்த காய்ச்சல் அப்புறம் திரும்பி வரலியே கண்ணு?" என்று கேட்டார். நீ நிமிர்ந்து, "எனக்குக் காய்ச்சலே வந்ததில்ல. எங்கம்மாவையே கேளுங்க. ஒண்ணாங்கிளாஸ்ல ஒரு நாள்கூட நான் லீவு போடல. அட்டெண்டன்ஸுக்குப் பிரைஸ்கூட வாங்கியிருக்கேன்" என்றாய். சவரியம்மாள் என்னைப் பார்த்தார். நீண்ட நேரமெல்லாம் இல்லை. கூடையில் தேடி நல்ல பழமாக ஒன்றை எடுத்து உன் கையில் கொடுத்தார். "வர வேணாம் கண்ணு, வரவே வேணாம்" என்றார். நான் உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தேன். "ஏம்மா ஓடறே?" என்று நீ பஸ் ஸ்டாண்ட் வரை கேட்டுக்கொண்டே வந்தாய். இதுதான் அதற்குப் பதில்.

உனக்கு வேலை உத்தரவு வந்த வாரம் நான் பாலக்கரைக்குப் போனேன். பதினான்கு வருஷத்துக்குப் பிறகு. மாடிப்படி அப்படியே இருக்கிறது. தங்கவேலுவுக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. "அட, நம்ம ரேடியோ டீச்சர்! தலையில இன்னும் ஒரு நரை இல்ல, எங்களுக்கு மட்டும் ஏன் இப்படி?" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். சவரியம்மாளைப் பார்க்க வேண்டும் என்றேன். அவர் சிரிப்பு நின்றது. போன மழைக்காலத்தில் நெஞ்சுச் சளியில் போய்விட்டாராம். துறையூரில் மகள் வீட்டில் இருந்தாராம். பிறகு தங்கவேலுவே சொன்னார்: "உங்களப் பத்தி அது ஒரு சொல்லு தப்பாப் பேசினதில்ல டீச்சர். மத்த பொம்பளைங்க ஏதாவது ஆரம்பிச்சாங்கன்னா, பிள்ளைக்கு ஒடம்பு முடியலைன்னா எந்தத் தாய் கிளம்பி வருவா, சும்மா இருங்கடின்னு அடக்கிரும். போன வருஷம் பார்த்தப்பக்கூட அதேதான் சொல்லுச்சு." போன வருஷம். முக்கொம்புக்குப் பிறகு ஒன்பது வருஷம் கழித்து. எல்லாம் தெரிந்தபிறகு. தங்கவேலுவிடம் நான் உண்மையைச் சொன்னேன். "அதுகிட்டல்ல சொல்லியிருக்கணும், நீங்க" என்றார். வேறு என்ன சொல்வார்?

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் நீ போகிற வேலையில் நான் ஒருமுறை தோற்றிருக்கிறேன். தோற்றவளுக்கும் இரண்டு விஷயம் தெரியும். நீ எழுதியதைப் படித்துக் காட்டும்போது காகிதத்தைப் பார்க்காதே, அவர்கள் முகத்தைப் பார். "அப்ப சரி" என்று ஒருவர் சொன்னால் அது சரியில்லை என்று அர்த்தம். திரும்பக் கேள். அவர்கள் பேச்சு உனக்குப் போதவில்லை என்று தோன்றுகிற இடத்தில், குறை அவர்கள் பேச்சில் இல்லை, நீ அங்கே இல்லாததுதான் குறை. உன்னிடம் குரலையே பிடித்து வைக்கிற மெஷின் இருக்கிறது. என்னிடம் பேனா மட்டும் இருந்தது என்று நான் சாக்குச் சொல்ல முடியாது. பேனாவுக்கும் நின்னுட்டோம் என்று எழுத வரும்.

சுரூபத்தைப் பத்திரமாக வைத்துக்கொள். அந்த மாடிப்படியில் அவர் சொன்னதை, நான் எழுத வேண்டியிருந்த விதத்தில் இப்போது எழுதி முடிக்கிறேன். இதில் என் வார்த்தை ஒன்றும் இல்லை.

"லூர்து விழுந்திருச்சுங்க. மேஸ்திரி, ஓரமாப் படுக்கவை, நீங்க எலையப் பாருங்கன்னாரு. எனக்குக் கை ஓடல. எந்திரிச்சேன். திரும்பிப் பாத்தா எல்லாம் எந்திரிச்சிருக்கு. நாங்க பதினோரு பேரும் நின்னுட்டோம், டீச்சர். வண்டி வந்துச்சு, ஏத்தி அனுப்பினோம். மறுபடி உக்காந்துட்டோம். அவ்வளவுதாங்க."

உன் அம்மா